பதினோரு விநாடிப் பூட்டு

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கூரியர் பை, கல்யாண கேட்டரிங், அடுக்குமாடி வாட்ச்மேன் என்று எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி அறையில் கதை பேசிக்கொண்டிருந்த சினிமா இயக்குநரிடம் நான்காவது உதவியாளராகச் சேர்ந்ததும் அப்படித்தான். ஆனால் அங்கே தங்கிவிட்டேன். காரணம், என் அம்மா கதைக்குள் வந்துவிட்டாள்.

அடையாற்றங்கரையில் எங்கள் வீட்டை இடிக்க வந்த நாளில், சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு அம்மா கதவைப் பூட்டினாள். ஜேசிபி ஓட்டுநர் சிரித்தார்.

"இன்னாம்மா, இடிக்கத்தானே போறோம். பூட்டு எதுக்கு?"

"நீ இடிச்சுக்கோ. வூட்டத் தொறந்து போட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல."

இதை நான் சொன்னபோது இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். ஊருக்கு வெளியே அனுப்பப்படும் ஒரு குடும்பம்தான் படத்தின் கதை. இடைவேளைக்குப் பின் முதல் காட்சி இதுதான் என்றார்.

பிறகு பாட்டு வந்தது. படப்பிடிப்பு தொடங்கும் முன்பே இணையத்தில் விட்ட காதல் குத்துப்பாட்டு. ஒரே வாரத்தில் மந்தைவெளி ஆட்டோக்களிலும் தி.நகர் துணிக்கடை வாசல்களிலும் அதுதான். கதையில் அதற்கு இடமே இல்லை. இடைவேளை முடிந்ததும் வையுங்கள் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். சுவரில் ஒட்டியிருந்த காட்சித் தாள்களில் இயக்குநர் என் அம்மாவை மட்டும் பிய்த்தெடுத்தார்.

"ஜனம் பாட்டுக்குத்தான் வருது. அந்த நேரத்துல அழ வெச்சா எழுந்து போயிடுவான்டா."

என்னால் உட்கார முடியவில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு ராயப்பேட்டை வரை நடந்தேன். அதே பாட்டு, திரும்பத் திரும்ப. பாட்டு எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் எரிச்சல். திரும்பி வரும்போது மயிலாப்பூர் குளத்தோரம் கவனித்தேன்: இரண்டாவது சரணத்துக்கு முன்னால் குரல், மேளம் எல்லாம் நின்று வெறும் கைதட்டல் மட்டும் வருகிறது. பதினோரு விநாடி.

அந்த இடத்தில் அம்மா கதவைப் பூட்டுவதை வைக்கலாம் என்று மறுநாள் காலை சொன்னேன்.

"பதினோரு செகண்டுல பூட்ட முடியுமாடா?" என்றார் இயக்குநர்.

எல்லோரையும் உள்ளே வைத்து அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிக் காட்டினேன். துருப்பிடித்த பூட்டு, பத்தொன்பது ஆயிற்று. "மச்சி, அதுக்குள்ள ஹீரோவுக்குக் குழந்தையே பொறந்துடும்," என்று உள்ளிருந்து இன்னோர் உதவியாளர் கத்தினார். எண்ணெய் விட்டேன். நான்காவது முறை பதினொன்று.

"சரி, வெச்சுக்கலாம். ஆனா டயலாக் கிடையாது."

பூட்டாவது மிஞ்சியதே என்று தலையாட்டினேன்.

படம் வந்த வாரம் அம்மாவைப் பகல் காட்சிக்குக் கூட்டிப்போனேன். வீட்டை இடித்த பின் எங்களை அனுப்பிய புறநகர்க் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தோம். பாட்டு தொடங்கியதும் அரங்கமே எழுந்து ஆடியது. திரையில் நடிகை கதவைச் சாத்தினார். கைதட்டல் வரும் இடம் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகும் வரை மொத்தக் கூட்டமும் சேர்ந்து தட்டியது.

ஆடுகிறவர்களின் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்த அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இன்னா நைனா, எனக்கா தட்றாங்கோ?"

"ஆமாம்மா."

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டாள். "அந்த ஜேசிபிக்காரனாண்ட நான் பேசுனது எங்கடா?"

"பாட்டு நடுவுல பேச முடியாதும்மா."

"அப்போ பாடியிருக்கலாமில்ல?"

அந்த அறையில் நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. பஸ் வந்தது, அவளை ஏற்றிவிட்டேன். நான் ஏறவில்லை. நடந்துகொண்டே, ஜேசிபி ஓட்டுநரிடம் அவள் சொன்னதைக் கைதட்டலின் தாளத்தில் வைத்துப் பார்த்தேன். மந்தைவெளி வருவதற்குள் அது சரியாக உட்கார்ந்துவிட்டது. ஒரு விநாடி மீதியும் இருந்தது.