தம்பி திருத்திக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரங்கள்

தலைத்திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மூத்தவனின் வணக்கம். தம்பியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதச் சொல்கிறீர்கள். நல்ல வார்த்தைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் படுத்திய பாட்டை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரையோ பற்றியதாகிவிடும். மலர் என்பதால் ‘சொன்னார்’, ‘வந்தார்’ என்று மரியாதையாக எழுதுகிறேன். உயிரோடிருந்தவரை ‘ஏலே’ என்பதைத் தவிர வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை.

தம்பி பிறந்தது ஆழ்வார்குறிச்சியில், எனக்கு ஏழு வயது இளையவராக. அவருடைய பன்னிரண்டாம் வயதில் அப்பா காலமானார். நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டேன். தம்பி கணக்கில் புலி. இவரைக் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும், என்னைப் போலப் பிறத்தியார் தஸ்தாவேஜைப் பிரதியெடுத்துக் காலம் தள்ள விடக்கூடாது என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை.

பதினாறாம் வயதில் ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்தவர், மாடத்திலிருந்த திருநீற்றைத் தொடாமல் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. காரணம் கேட்டேன். “சாமி இருக்குன்னு எனக்குத் தோணல, அண்ணாச்சி. தோணாம எப்படிப் பூச?” என்றார். அம்மா அழுதார்கள். நான் கத்தினேன். தம்பி இட்லி சாப்பிட்டார்.

பாளையங்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு மிஷன் கல்லூரியில் தகப்பனில்லாத பிள்ளைகளைப் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு, பையனின் மதத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கி வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. வேதக்காரப் பிள்ளைகளுக்கு, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு, அவர்கள் சபைப் பாதிரியார் கொடுப்பார். நம் பிள்ளைகளுக்குக் கோயில் தர்மகர்த்தா கொடுப்பார். எந்தப் பக்கமும் சேராத பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள் என்று அந்த விதியில் இல்லை. அப்படி ஒரு பிள்ளை வரும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் ஊர்த் தர்மகர்த்தாவிடம் போனேன்.

“என்னவே, உம்ம தம்பி நெத்தியில திருநீறு பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. என்னத்த எழுதச் சொல்லுதீரு?” என்றார்.

“அண்ணாச்சி, அவன் வேதக்காரங்க நடுவுல போய் இருக்கப் போறான். நம்ம ஆளுன்னு கையில ஒரு தாள் இருந்தா, அவங்க அவன இழுக்க யோசிப்பாங்கல்லா?”

மனிதர் பதறிப்போய் உடனே மைக்கூட்டை எடுத்தார். ‘சைவ ஆசாரத்தில் அணுவளவும் வழுவாதவர்’ என்று எழுதிக் கொடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மிஷன்காரர்கள் சைவனைச் சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வக்கீல் வீட்டுக்கு வந்துபோகும் கிறிஸ்தவ உபதேசியார் ஒருவரிடமும் கேட்டேன். தம்பி திருநீறு பூசுவதில்லை என்று கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். ‘சத்தியத்தைத் தேடி நம் பக்கம் வந்துகொண்டிருப்பவர்’ என்று எழுதிவிட்டார். எது எடுபடுகிறதோ எடுபடட்டும் என்று இரண்டையும் ஒரே உறையில் போட்டு, ரயிலில் வைத்துத் தம்பியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்தார். கணக்குப் போடுகிறார் என்று நினைத்து நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

கல்லூரித் தலைவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். நெடுநாள் இங்கே இருந்தவர், வேதப் புத்தகத்தில் உள்ளதுபோலத் தமிழ் பேசுவார். இரண்டு பத்திரங்களையும் மேசைமேல் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். எட்டிப் பார்த்தேன். சைவ ஆசாரத்துக்குப் பக்கத்தில் ‘இது உண்மையல்ல’ என்று தம்பியின் கையெழுத்து. சத்தியத்தைத் தேடி வருவதற்குப் பக்கத்திலும் ‘இதுவும் உண்மையல்ல’. பெயரும் வயதும் கணக்கில் கெட்டிக்காரர் என்பதும் மட்டும் தப்பித்திருந்தன.

“உமக்கு எங்கள் தேவனிடத்தில் விசுவாசமில்லை. உம்முடைய வீட்டாரின் சுவாமியிடத்திலும் இல்லை. பின்னை இங்கே எதற்காக வந்தீர்?”

“கணக்கு படிக்க, ஐயா.”

“இங்கே காலைதோறும் ஜெபம் உண்டு. அதற்கு வருவீரோ?”

“வருதேன், ஐயா. சத்தம் போடாம இருப்பேன். கண்ண மூட மாட்டேன்.”

கண்ணை மூடினால் என்ன குறைந்துபோகும்? ராத்திரி தூங்கும்போது மூடத்தானே செய்கிறார்? துரை பத்திரங்களை என்னிடமே திருப்பித் தந்து, பொய்யில்லாத பத்திரம் ஒன்று கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். ஆற்றுப்பாலம் தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஜங்ஷன்வரை மூடவில்லை.

வீட்டில் அம்மா, “ஏல, அந்தத் துரைகிட்ட ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் என்ன வெந்தா போகும்?” என்று கேட்டார்கள். தம்பி, “அப்படிச் சொல்லிச் சேர்ந்தா அங்கன படிக்கப் போறது நான் இல்ல, வேற ஒருத்தன்” என்றார். அதன்பின் அவரை மாற்ற முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது.

கடைசியில் எரிச்சல் தாங்காமல் நானே எழுதினேன். ‘இவன் என் தம்பி. பூஜை செய்வதில்லை. ஜெபமும் செய்யமாட்டான். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் காத்திருந்து கூட்டிவருவான். பொய் சொல்வதில்லை. இதனால் எனக்குத் தாங்கமுடியாத தொந்தரவு. தயவுசெய்து தாங்கள் எடுத்துக்கொள்ளவும்.’ தம்பி படித்தார். பென்சிலைத் தேடவில்லை. அந்தக் கடிதத்துக்குத்தான் இடம் கிடைத்தது.

படிப்பு முடிந்து களக்காட்டில் கணக்கு வாத்தியாரானார். அங்கேயும் என்னை நிம்மதியாக விடவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் கேட்காததற்கெல்லாம் தாமே பதில் சொல்லி, மூன்று சம்பந்தங்களைக் கலைத்தார். நாலாவது வீட்டுக்கு நான் போகவில்லை. கடைசிவரை கல்யாணமில்லாமலே இருந்துவிட்டார். வருஷந்தவறாமல் ஆடி அமாவாசைக்கு அம்மாவைப் பாபநாசம் கூட்டிப்போய், படித்துறையில் கைபிடித்து இறக்கி, ஈரத்துணியைப் பிழிந்து கொடுத்ததும் அவர்தான். கும்பிடும் பிள்ளையான எனக்கு அதற்கு ஒரு வருஷமும் ஒழியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு விஷக்காய்ச்சலில் படுத்தார். ஒன்பது நாள். எட்டாம் நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அண்ணாச்சி, என் காரியத்த உங்க மனசுபோலச் செய்யுங்க. அம்மாவுக்கும் அதுதான் ஆறுதல். ஆனா நான் கேட்டேன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க” என்றார். அவர் நெற்றியில் திருநீறு பூசியதும், இன்று இந்தத் திவசம் கொடுப்பதும் எங்கள் மனசுக்காகத்தான். அவர் கேட்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், முறைவைத்து உட்கார்ந்திருந்த சக ஆசிரியர்களுக்கும், பாடையைத் தோளில் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும், சேதி தெரிந்ததும் கடிதம் எழுதிய துரையவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. இந்தக் கட்டுரையை நான் எழுதி முடிக்குமுன்பே மலரின் முன்பக்கம் அச்சாகிவிட்டது. அதை எழுதிக் கொடுத்தவர் சித்தப்பா. பாசத்தில் செய்தார், அவர்மேல் குறையில்லை. அதில் ‘சிவபதம் அடைந்தார்’ என்றிருப்பதை அப்படியே விட்டுவிட்டேன். அது என் நம்பிக்கை, அதற்குத் தம்பியின் சம்மதம் தேவையில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் ‘சிவநேசச் செல்வர்’ என்று போட்டிருக்கிறது. அது தம்பியைப் பற்றிய சாட்சி. உண்மையல்ல.

இருநூறு பிரதியிலும் அந்தச் சொல்லை நானே என் கையால் அடித்திருக்கிறேன். கோடு சில பிரதிகளில் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன பிறகும் எனக்கு வேலை வைத்திருக்கிறார் தம்பி.