றுக்கியாவின் வீரைப்பழம்

பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு றுக்கியாவைத் தெரியும். கணவன் மவுத்தான பிறகு, பழக்காலம் வந்தால் வண்ணாத்திவில்லுப் பக்கம் போய், காட்டோரத்தில் வீரைப்பழமும் பாலைப்பழமும் பொறுக்கிவந்து சந்தியில் விற்பாள். குரங்கு தின்றால் மனிதரும் தின்னலாம் என்று கூட வரும் பெண்கள் சொல்வார்கள். அவள் அதை நம்பமாட்டாள். காஞ்சூரைப் பழத்தைக் குரங்கு தின்னும், அதன் கொட்டையோ ஆளைக் கொன்றுவிடும். இலை, கொப்பு, பால் எல்லாம் பார்த்து, சந்தேகம் வந்தால் எறிந்துவிடுவாள். அவள் விற்ற பழத்தால் யாருக்கும் வயிற்றுவலிகூட வந்ததில்லை.

வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டு ஷிம்லா வேலியடியில் காத்துநிற்பாள். ஜெமீலாவின் ஒரே பிள்ளை, இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. சிவந்த வீரைப்பழம் ஒரு கை நிறைய அவளுக்கென்று இருக்கும். "பெரியும்மாட பழம்" என்று சொல்லிச் சொல்லித் தின்பாள்.

அந்த வருடம் பழக்காலம் முடியும் தறுவாயில், றுக்கியா வீட்டுப் பின்வேலியில் படர்ந்திருந்த குண்டுமணிக் கொடி காய்த்தது. இன்னும் இறுகாத விதைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஷிம்லா அவற்றை உரித்து மென்றுவிட்டாள். மறுநாள் வாந்தி தொடங்கியது. பிறகு இரத்தமாய்ப் போனது. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்மார் செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் பிள்ளை தப்பவில்லை.

ஜனாஸா எடுத்த அன்று றுக்கியா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அந்தக் கொடியை அவள் தினமும் கண்டவள். விஷம் என்று தெரிந்தவள். இளம் ஊதாப் பூ அழகாக இருக்கிறதே என்று வெட்டாமல் விட்டிருந்தாள்.

ஊரில் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தாய்மார் பிள்ளைகளின் கையிலிருந்த பழங்களைத் தட்டிவிட்டதை அவள் கண்டாள்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகு ஜெமீலா அவள் வாசலில் வந்து நின்றாள்.

"ராத்தா, அது எது எண்டு எனக்குக் காட்டுங்க."

இருவரும் பின்வேலிக்குப் போனார்கள். வெடித்த காய்களுக்குள் கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதைகள் வரிசையாக இருந்தன. ஜெமீலா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"கசந்திருக்குமா ராத்தா, புள்ளைக்கு?"

"தெரியா, ஜெமீலா. நான் அத வாயில வெச்சதில்ல."

"தின்டுட்டு எனக்கிட்ட வந்து சொன்னா. 'பெரியும்மாட பழம் தின்டன்' எண்டா. எப்பவும் போல வாய் செவந்திருக்கல்ல, நான் அத யோசிக்கல்ல. ஒங்கட பழம்தானே எண்டு நெனச்சி நான் சமைச்சிக்கிட்டே இருந்துட்டன்."

றுக்கியா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அன்டைக்கு வெட்டியிருந்தா..." என்று தொடங்கினாள்.

"வேணாம் ராத்தா. சொல்லாதீங்க."

ஜெமீலா குனிந்து கொடியைப் பிடித்து இழுத்தாள். வேர் இறுகிக் கிடந்தது. றுக்கியா மண்வெட்டி கொண்டுவந்து கிளறினாள். இருவருமாகத் தோண்டி எடுத்து, சிந்திய விதைகளை மணலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். எரிந்து முடியும்வரை ஜெமீலா அங்கேயே குந்தியிருந்தாள். அழவில்லை. பிறகு எழும்பி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சில மாதங்களில் கணவனோடு கற்பிட்டியிலுள்ள தாய்வீட்டுக்கே குடிபோய்விட்டாள்.

அடுத்த பழக்காலத்தில் றுக்கியா காட்டுக்குப் போகவில்லை. உப்பளத்தில் உப்பு அள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள். வெயிலில் கண் கூசும், உப்புத் தண்ணீரில் பாதம் வெடிக்கும். அதைப் பற்றி யாரிடமும் முறைப்பட்டதில்லை. இந்த வருடம் ஏன் பழம் கொண்டுவரவில்லை என்று சந்தியில் யாராவது கேட்டால், "முழங்கால் ஏலாது" என்பாள். உண்மையில் அவள் முழங்காலில் ஒரு வருத்தமும் இல்லை.