நான்காவது சாமந்தி

பெட்டி மீனம்பாக்கத்திலிருந்து பறந்து ஆறு மணி நேரம் ஆன பிறகுதான் அதற்குள் பொரி இருப்பது எனக்குத் தெரிந்தது.

கருங்குழியில் எங்களுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுப்பவர் காலை எட்டரைக்குப் போன் செய்தார். வேறு விஷயமாகத்தான். அவருடைய கட்டுப்பட்டைகள் இரண்டு லாரியோடு போய்விட்டன, வாங்கித் தர வேண்டும் என்றார். சரி என்றேன். போனை வைப்பதற்கு முன்னால் போகிற போக்கில் சொன்னார்.

“பூஜையெல்லாம் ஜோரா முடிஞ்சிது சார். உங்க பொட்டிலயும் பிரசாதம் வெச்சி அனுப்பிட்டேன்.”

“எந்தப் பெட்டியில?”

“அதான் சார், கடலுக்குப் போற மிசினு. பொரி, கடலை, பூவு. போய் சேர்ற எடத்துல பிரிச்சி சாப்புடட்டும்.”

நான் நாவலூரில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆராய்ச்சிக் கருவிகளை உலகின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. அதற்கு முன் பதினாறு வருடம் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே வேலைதான் என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன்: அடுத்தவர் எழுதியதை நம்பாமல் இருப்பது. ஒரு மயிரிழையை ஆயிரமாகப் பிளந்து அளக்கத் தெரிந்த பேராசிரியருக்குத் தன் கருவியின் எடை தெரியாது. “ரெண்டு பேர் தூக்கலாம்” என்று எழுதி அனுப்புவார். உள்ளே பேட்டரி உண்டா என்று மூன்று முறை கேட்டு, இல்லை என்று மூன்று முறை பதில் வாங்கியிருப்பேன். விமான நிலையத்தில் பெட்டி ‘பீப்’ என்று சத்தம் போடும். “அது சின்ன பேட்டரி சார்” என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு நாளைக்கு நாற்பது மின்னஞ்சல்கள், எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: எங்கே இருக்கிறது?

இந்தப் பெட்டி விஷயத்தில் அந்தத் தொல்லை எதுவுமில்லை. உள்ளே இருந்தது கடலடியில் கிடந்து நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவி. ஆள் இடுப்புயர டைட்டானியம் உருளை. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரம் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பெண் மூன்று வருடம் உட்கார்ந்து செய்தது. செங்கல்பட்டுக்காரர். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. பக்கத்துக் குப்பத்து மீனவர்களின் ஃபைபர் படகில் போய்த் திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்து அதைத் தேற்றியிருந்தார். எடை, நீளம், அகலம், பேட்டரி எல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே சரியாக எழுதியிருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததற்கு அதுவே போதும்.

பெட்டி போக வேண்டிய இடம் ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியா தீவு. அங்கிருந்து அண்டார்டிகாவுக்கு ஒரு ஆராய்ச்சிக் கப்பல். அந்தக் கப்பல் வருடத்துக்கு ஒரு முறைதான் இவருடைய கருவி இறங்க வேண்டிய இடத்துக்குப் போகிறது. இவருடைய உதவித்தொகை வரும் மார்ச்சோடு முடிகிறது. கப்பல் கிளம்புவது அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை. இதைத் தவறவிட்டால் மூன்று வருடமும் போச்சு. அவரே என்னிடம் சொன்னது இது. அழுத்தம் எதுவும் கொடுக்காமல், எடையைச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

அந்த நாட்டுக்குள் விதை, பழம், பூ, மண் எதுவும் ஒளிந்து போகக் கூடாது. பெட்டியில் தாவரப் பொருளும் உணவுப் பொருளும் இல்லை என்று ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தப் பெண் கருவியைக் கொண்டுவந்து, அதன் வடிவத்துக்கே வெட்டிய நுரைமெத்தைக்குள் வைத்துப் பார்த்த அன்றே கையெழுத்துப் போட்டேன். அதன்பின் நான்கு நாள் விடுமுறை. லாரிக்காரர்கள் லாரிக்குப் பூஜை போடப் போய்விட்டார்கள். பெட்டி கருங்குழிக் கொட்டகையில் மூடி போடாமல் கிடந்தது. எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கிற நாளில், எங்கள் ஊர்க் கொட்டகையில், ஒரு இயந்திரம் தனியாகத் திறந்து கிடக்கிறது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“நாம சொல்லாம விட்டா என்ன சார் ஆகும்?”

“அவங்க கண்டுபிடிச்சா பெட்டியைத் திருப்பி அனுப்புவாங்க, இல்ல அழிப்பாங்க. கண்டுபிடிக்கலைன்னா ஒண்ணுமில்ல.”

“சொன்னா?”

“திறந்து பார்ப்பாங்க. எத்தனை நாள் எடுக்கும்னு தெரியாது.”

“பொரி போட்டது அவரு. கையெழுத்து போட்டது நீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல என் மூணு வருஷம்.” பிறகு, “நீங்களே முடிவு பண்ணுங்க சார். நான் எதுவும் சொல்லல” என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ‘கொஞ்சம் பொரி, கொஞ்சம் பூ’ என்று எழுத எனக்குக் கை வராது. எண்ணிக்கை இல்லாத செய்தியை நான் அச்சுக்கு விட்டதில்லை. கருங்குழிக்குக் கிளம்பினேன். ஜிஎஸ்டி சாலையில் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பும் கூட்டம் எதிர்த்திசையில் நின்றிருந்தது. பாலாற்றுப் பாலம் தாண்டுகிற வரை அதைப் பார்த்துத்தான் என்னை ஆற்றிக்கொண்டேன்.

கொட்டகையின் இழைப்பு இயந்திரத்தில் வாழைக்கன்று இன்னும் கட்டியிருந்தது. பெட்டிக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“பொரிக்கு இன்னா சார் கேசு? வெசமா அது?”

“அண்ணே, அந்த ஊர்ல விதை கூடாது.”

“பொரிய வெதைச்சா மொளைக்குமா? விவசாயக் குடும்பம் சார் நாங்க, எங்கிட்ட சொல்றீங்க.”

“மிஷினுக்குள்ள ஏன் வெச்சீங்க? பெட்டிமேல பொட்டு வெச்சிட்டு விட்டிருக்கலாம்ல?”

“பலகைக்கு பூஜ போட்டு இன்னா பிரயோஜனம்? வேலை செய்யறது மிசினு. அப்புறம், பூஜ அன்னிக்கு கஸ்டமருக்கு பொரி குடுக்காம எப்டி? உங்க வூட்டுக்கு குடுத்தனுப்சேன் இல்ல? அங்க பொட்டிய பிரிக்கிறவனும் நம்ம கஸ்டமருதான?”

“ஒவ்வொரு வருஷமும் வெக்கிறீங்களா?”

“எத்தினியோ வருசமா வெச்சிகினு கீறேன். ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டதில்ல.”

கேட்டிருந்தார்கள். போன வருடம் ஐரோப்பாவில் ஒரு ஆய்வகம், கருவி பத்திரமாக வந்தது, நீங்கள் பயன்படுத்திய நிரப்புப் பொருள் புதுமையாக இருந்தது, உண்ணத்தக்கதா என்று எழுதியிருந்தது. யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். பதினாறு வருடம் திருத்தியவன்.

பட்டியல் எடுத்தேன். ஒரு கவர் பொரி. அதிலேயே பொட்டுக்கடலை, வெல்லம். தேங்காய் ஒரு பத்தை. சாமந்திப்பூ.

“எத்தனை பூ?”

“இன்னா சார், பூவ எண்ணிகினா வெப்பாங்க?”

“எண்ணிக்கை வேணும்ணே.”

“மூணு இருக்கும். நாலு.”

“மூணா, நாலா?”

“இப்டி குறுக்க குறுக்க கேட்டா? நாலுன்னு வெச்சிக்கோங்க.”

நாலு என்று எழுதிக்கொண்டேன். மதியமே உறுதிமொழியைத் திருத்தி, பொருள்வாரியாகப் பட்டியலிட்டு அனுப்பினேன்.

டாஸ்மேனியாவிலிருந்து வந்த பதில் மரியாதையானது. முன்கூட்டித் தெரிவித்ததற்கு நன்றி. பொரி என்பது எந்தத் தானியம், முளைக்கும் நிலையில் உள்ளதா? தேங்காய் வெட்டி எத்தனை நாள்? பூவின் தாவரவியல் பெயர்? கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “நான் ஃபிசிக்ஸ் சார்” என்றார். தேடி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பெட்டி அங்கே திறக்கப்பட்டது. அடுத்த மின்னஞ்சல்: உருளையின்மேல் காய்ந்த மஞ்சள் நிறப் பூச்சு ஒன்றும் அதன் நடுவில் சிவப்புப் பொடியும் உள்ளன. உங்கள் பட்டியலில் இல்லை. அவை என்ன?

சந்தனமும் குங்குமமும். பெட்டிக்காரர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாளில் பொட்டு இல்லாத இயந்திரம்தான் எங்கள் கண்ணில் படும். பொட்டு இருப்பது ஒரு பொருளாகவே தோன்றுவதில்லை. மரத்தூளும் மஞ்சளும் என்று விளக்கம் எழுதினேன். துடைத்துவிட்டார்கள். சனி, ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை.

அவர்கள் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம்முடைய காலை பதினொன்றரைக்கு அங்கே அலுவலகம் மூடிவிடும். திங்கட்கிழமை எட்டரைக்கு நான் இருக்கையில் உட்கார்ந்தபோது மின்னஞ்சல் காத்திருந்தது. நீங்கள் நான்கு பூக்கள் என்று தெரிவித்திருக்கிறீர்கள். மூன்று கிடைத்தன. நான்காவதைத் தேட நுரைமெத்தையை வெட்டிப் பிரிக்க வேண்டும். சம்மதம் தெரிவிக்கவும். இல்லையென்றால் அடுத்த ஆய்வு புதன்கிழமை.

புதன்கிழமை என்றால் கப்பல் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். இந்த முறை அவர் குரல் எடையைச் சொல்கிற குரலாக இல்லை.

“மெத்தை போச்சுன்னா அந்தக் கடல்ல உருளை பெட்டிக்குள்ள முட்டி முட்டியே போகும் சார். உள்ள இருக்கிற கண்ணாடி உடைஞ்சிடும். உடைஞ்ச கருவி கப்பல்ல போனா என்ன, போகாட்டி என்ன.”

“வேற வழி?”

“ஒரு பூ சார். அது இருந்ததுன்னு யாரு சொன்னா?”

நான்தான் சொன்னேன். ‘சில பூக்கள்’ என்று எழுதியிருந்தால் மூன்றை எடுத்துப் போட்டுவிட்டு மூடியிருப்பார்கள். பொரிக்காக நான் கருங்குழி வரை போய்க் கோபப்பட்டேன். பொரியால் ஒரு தொந்தரவும் வரவில்லை. ஒரு மனுஷரைக் குறுக்குக் கேள்வி கேட்டு, அவர் வாயிலிருந்து பிடுங்கிய எண்தான் பெட்டியைப் பிடித்து வைத்திருந்தது.

பெட்டிக்காரருக்குப் போன் செய்தேன். நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த நாலாவது பூ நெசமா உள்ள வெச்சீங்களா?”

“இன்னும் அந்த பூ பேஜாரு முடியலையா? நாந்தான் சொன்னனே, எண்ணலன்னு.”

“நாலுன்னு சொன்னீங்க.”

“நீங்க வுடல, அதான் சொன்னேன். இருங்க, போட்டோவ பாத்து சொல்றேன்.”

“எந்த போட்டோ?”

“பூஜ போட்டோ சார். ஸ்டேட்டஸ் வெச்சேனே. நீங்க பாக்கல?”

“போட்டோ இருக்குன்னு அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீ கேட்டியா சார்? நீ எத்தினின்னுதான் கேட்ட.”

அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பத்தரைக்குத்தான் இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் உருளை மெத்தைக்குள் படுத்திருந்தது. தலைமாட்டில் ஒரு சாமந்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அருகே ஸ்டூலில் இருந்த துளையிடும் இயந்திரத்தின் மூக்கில் நான்காவது. இரண்டாவது படத்தில் பெட்டிக்காரர் மூடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். மூடாத பாதியில் அந்த மூன்று பூக்களும் அப்படியே தெரிந்தன. இயந்திரத்தின் மூக்கில் நான்காவதும். படம் எடுத்த நேரம் கீழே இருந்தது.

பத்தே முக்கால். படங்களை இணைத்து எழுத உட்கார்ந்தேன். பத்திரிகையில் பிழை போனால் உள்பக்கத்தின் மூலையில் இரண்டு வரியில் திருத்தம் போடுவோம். படிப்பவர் கண்ணில் படாத எழுத்தில். இதற்கு அது போதாது. நான்கு என்ற எண் பெட்டியைக் கட்டியவர் உறுதியாகச் சொன்னதல்ல, நான் வற்புறுத்தி வாங்கியது, நான்காவது பூ இருந்த இடம் படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டப்பட்டுள்ளது என்று எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். பதினொன்று ஐந்துக்கு அனுப்பினேன். பதினொன்று இருபதுக்கு அந்தப் பெண் கூப்பிட்டு, பதில் வந்ததா என்றார். இல்லை என்றேன். போனை வைக்காமலே இருந்தார். அவர் பக்கத்தில் கடல் சத்தம் கேட்டது. யாரோ வலைக்காரர்கள் சண்டை போடுகிற சத்தமும்.

பதினொன்று இருபத்தெட்டுக்குப் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. மெத்தையைப் பிரிக்கத் தேவையில்லை. பெட்டி விடுவிக்கப்படுகிறது.

படித்துக் காட்டினேன். “சரி சார்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை கப்பலிலிருந்து ஒரே வரி: பெட்டி ஏற்றப்பட்டது, கட்டப்பட்டது. அதை அப்படியே அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு, அந்த வாரத்தில் முதல்முறையாக டீயைச் சூடாகக் குடிக்கலாம் என்று எழுந்தேன். போன் அடித்தது. அந்தப் பெண்தான்.

“சார், ஏத்திட்டாங்க சரி. எந்தப் பக்கம் மேல இருக்குன்னு போடலையே. பெட்டியில போட்டிருக்கிற அம்புக்குறி மேல பார்த்துதான் இருக்கணும். கப்பல் கிளம்பறதுக்குள்ள கேட்டுடுங்க.”

உட்கார்ந்து, கேட்டு எழுதினேன்.