நாக்கில் அலகு, கையில் மாத்திரை

மாமாவுக்கு நெஞ்சுவலி என்று தெரிந்த வருடம் எனக்கு எட்டு வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இனி பாரம் தூக்கக் கூடாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்; உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார்; வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சின்ன மாத்திரையும் கொடுத்தார். விழுங்கக் கூடாது, தானாகக் கரைய வேண்டும். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, நெஞ்சு குணமாக முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். காவடியும் பாரம்தானே என்று அத்தை கேட்டாள்.

"முருகன் தூக்குவான். நான் சும்மா கூட நடப்பேன்" என்றார். சாமி விஷயத்தில் அவரை யாராலும் மடக்க முடியாது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டில் கிளம்பும்போது, அத்தை மாத்திரைப் புட்டியை என் கையில் கொடுத்தாள். எனக்கு ஒரே பெருமை. டேங்க் ரோட்டுக் கோயில்வரை அதை விடுவதில்லை என்று நடந்தேன். பாதி வழியில் மாமா நின்றுவிட்டார். முகம் வெளுத்து வியர்வை கொட்டியது. கை நெஞ்சுக்குப் போனது. நான் ஓடிப்போய்ப் புட்டியை நீட்டினேன். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. வெளியே நீட்டிய நாக்கின் நடுவில் அலகு குத்தியிருந்தது. அடியில் எதை வைப்பது? அட கடவுளே, வீட்டில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை!

"கோயிலுக்குப் போய்த்தான் அலகை எடுக்கணும். நடுவழியில எடுத்தா சாமி குத்தம்" என்றார் அப்பா.

"குத்தம் எனக்கு வரட்டும். தள்ளுங்க லா அண்ணே!" என்றாள் அத்தை.

காவடியை இறக்கச் சொல்லி, அத்தையே அலகை உருவினாள். மாமாவைக் கடை வாசலில் உட்காரவைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்துக்கு நிறம் திரும்பியது. எனக்கு அழுகையாக வந்தது.

மாமா பிழைத்தார். ஆனால் வேண்டுதலைக் கெடுத்தவள் என்று அத்தையோடு பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் நான்தான் தூது.

"ரசத்துல உப்பே இல்லேன்னு ஒங்க அத்தைகிட்ட சொல்லு" என்பார்.

அடுப்படிக்குப் போய்ச் சொல்வேன். தினமும் அதே குறை. அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்பாள்: "இன்னிக்கும் சொன்னாரா?"

திட்டு வாங்கிவிட்டுச் சிரிக்கிறாளே, இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.