முப்பத்தொரு கோடுகள்

இரண்டாம் தடவையும் முப்பத்தொன்றுதான் வந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அழித்த தடம் ஏதும் இல்லை.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. தலையை நீட்டினார்.

"இறங்கு."

"நேத்தும் நான்தானே வந்தேன், அண்ணே. முகம் மறந்துபோச்சா?"

"முகத்தை எடை போடல. இறங்கு."

ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நின்றான். எடைமேடை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. சிவப்பு எண்கள் நிலைத்ததும் குறித்துக்கொண்டார். காலி வண்டியை எடை போடும்போது ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவன் எடையும் வண்டியோடு சேர்ந்துவிடும். பிறகு சரக்கோடு வரும்போது வெளியே நின்றுகொண்டால் அந்த அளவுக்குச் சரக்கு குறைந்து தெரியும். தண்ணீர்த் தொட்டி, கூடுதல் டயர், இருக்கைக்கு அடியில் கல் என்று இருபத்திரண்டு வருடத்தில் எல்லாம் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டரையும் தூக்கிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். நண்பர்கள் வைத்த பெயர் தராசு.

தாளை மீண்டும் விரித்தார். மேலே 'ஓடக்காரி' என்று எழுதியிருந்தது. மச்சினன் கையெழுத்து.

மச்சினன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். மனைவியின் தம்பி. தனி ஆள். ஞாயிறு மூன்று மணிக்கு அவன் வீட்டு மாடியில் ஒன்பது வருடமாக ஒரு ஆட்டம் நடக்கிறது. தராசும் மருந்துக்கடைக்காரியும் ஆடுகிறவர்கள். மச்சினன் நடத்துகிறவன். கடல் வருடத்துக்கு ஒரு தெருவாக விழுங்கிக்கொண்டிருக்கும் நகரம் ஒன்று இருக்கிறது. அதில் இவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பாத்திரம். அவள் பூட்டு திறக்கிறவள். இவர் மூழ்கிய தெருக்களுக்கு மேல் படகு விடும் ஓடக்காரி. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். ஆபத்து என்றால் பகடை முடிவு செய்யும். ஆபத்தைத் தாண்டினால் மச்சினன் தன் நோட்டில் ஒரு கோடு போடுவான்.

நகரம் நல்ல நகரம். விதிகள்தான் இழுவை. ஒரு கதவைத் திறக்க மூன்று அட்டவணை பார்க்க வேண்டும். அதனால் மச்சினன் நகரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேறொரு ஆட்டத்தின் விதிகளுக்கு அதை மாற்றத் தொடங்கினான். "வீடு அதேதான், மாமா. குழாய் மட்டும் புதுசு" என்றான். மூன்று மாதம் பிடித்தது. ஒவ்வொரு படகையும் மதகையும் காவல்காரனையும் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குக் கொண்டுவந்தான். பழைய ஆட்டத்தில் நூறு வரை எண் விழும் ஆபத்துப் பகடையை நடத்துகிறவன் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டி முடிவை மட்டும் சொல்வான். புதியதில் இருபது முகப் பகடையை அவரவர் எல்லோர் முன்னாலும் உருட்ட வேண்டும். பழைய கோடுகளை எண்ணிப் புதுத் தாளில் எழுதினான், பத்துக்கு ஒரு படி.

முப்பத்தொரு கோடு, மூன்று படி. பூட்டுக்காரிக்கு ஏழு.

ஒன்பது வருடமும் இருவரும் ஒரே தண்ணீரில்தான் கிடந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கடல் மதகைத் தாண்ட வேண்டும். புதிய விதிப்படி நான்கு படியாவது இல்லாதவள் அதில் பிழைப்பது அபூர்வம்.

போன மாதம் மச்சினன் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியை வேறு கடைக்கு எடுத்துப்போய்ச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அந்த விஷயம் அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

"உன் தம்பி என் ஆளைக் கொல்லப் பார்க்கிறான்" என்றார் சாயங்காலம்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த ஆளை?"

"ஓடக்காரியை."

"லாரிக்காரங்களைச் சந்தேகப்பட்டது போதாதுன்னு இப்ப ஓடக்காரி வேறயா?"

"முப்பது நாப்பது கோட்டை முழுங்கிட்டான். கேட்டா எண்ணிப் பாருங்கங்கிறான்."

கத்தி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "விடுங்களேன். அவன் எண்ணினா சரியாத்தான் இருக்கும்."

அவள் தம்பியை எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆனால் கத்தி ஏன் நின்றது?

மறுநாள் வேலை முடிந்து மருந்துக்கடைக்குப் போனார். தலைவலி மாத்திரை கேட்டார். காலாவதி தேதியைப் பார்த்தார்.

"நேத்துதான் வந்தது, தராசண்ணே. என்னையும் தண்ணிக் கிளாஸையும் தவிர இங்க எல்லாத்துலயும் தேதி இருக்கு."

"உன் தாள்ல எழுபத்திரண்டு கோடு இருக்கே. எப்படி?"

"நான் கதவைத் தட்டிப் பார்த்துட்டு நுழையறவ. நீங்க குதிக்கறவர்."

"குதிச்சும் செத்ததில்லையே. ஒரு தடவைகூட இல்ல. அப்ப கோடு விழுந்திருக்கணும்ல?"

அவள் கவுன்டரில் கிடந்த மருந்துச் சீட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். சீட்டு தலைகீழாக இருந்தது. "எண்ணினா சரியாத்தான் இருக்கும், அண்ணே" என்றாள்.

அதே வார்த்தைகள். மூன்று பேரும் சேர்ந்துதான் செய்கிறார்கள் என்று வழியிலேயே முடிவு கட்டினார்.

சனிக்கிழமை விடுப்பு எடுத்தார். மச்சினன் வீட்டின் மாற்றுச் சாவி தன் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்குவது அவருக்குத் தெரியும். மனைவி குளிக்கும்போது எடுத்துக்கொண்டார். மாடியில் மேசை, மூன்று நாற்காலி, ஒரு பீரோ. பீரோவுக்குள் ஒன்பது நோட்டுகள், வருடத்துக்கு ஒன்று. மேசையில் வரிசையாக அடுக்கினார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு வரி. எதற்குள் விழ வேண்டும், என்ன விழுந்தது, முடிவு. முதல் மூன்று வருடம் ஓடக்காரி நிதானமாகத்தான் இருந்திருக்கிறாள். அறுபதுக்குள் விழ வேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு. கோடு. எழுபதுக்குள் பதினெட்டு. கோடு. நான்காவது நோட்டின் நடுவில் ஒரு வரியில் விரல் நின்றது. அறுபதுக்குள் விழ வேண்டும். விழுந்தது எண்பத்துநான்கு. எதிரே கோடு இல்லை. ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் 'பிழைத்தாள்' என்று இருந்தது.

தேதியைப் பார்த்தார். அந்த மாதம் மறக்கக்கூடியதல்ல. அப்போது வேறொரு எடைமேடையில் இருந்தார். ஒரு லாரியின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காலி செய்யச் சொன்னார். தொட்டி ஏற்கெனவே காலி. இருக்கையைக் கழற்றச் சொன்னார். ஒன்றும் இல்லை. டயரைக் கழற்றச் சொல்லும்போது முதலாளியே வந்துவிட்டார். அன்றே வேலை போனது. அடுத்த நான்கு மாதம் வீட்டைவிட்டு அவர் வெளியே போனது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

அதன்பிறகு வட்டங்கள் பெருகிக்கொண்டே போயின. ஓடக்காரி மாறிவிட்டிருந்தாள். முப்பதுக்குள் விழ வேண்டிய இடங்களில் குதித்தாள். இருபதுக்குள். பத்துக்குள். பாலத்திலிருந்து, மணிக்கூண்டிலிருந்து, எரியும் படகிலிருந்து. கீழே என்ன இருக்கிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. எழுபத்தைந்து, பிழைத்தாள். தொண்ணூற்றொன்று, பிழைத்தாள். எண்ணினார். முப்பத்தெட்டு வட்டங்கள். கோடுகள் முப்பத்தொன்று.

படிக்கட்டில் காலடி கேட்டது. நோட்டுகளை மூடவில்லை.

"செருப்பை வாசல்ல விட்டிருக்கீங்க, மாமா" என்றான் மச்சினன். கையில் சாப்பாட்டுப் பொட்டலம். "திருட வர்றவங்க அதையாவது ஒளிச்சு வெப்பாங்க."

"எண்பத்துநாலு" என்றார்.

அவன் பொட்டலத்தை மேசையில் வைத்தான். கொஞ்ச நேரம் அதன் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க வேலை போன வாரம் அக்கா போன் பண்ணா. அவர்கிட்டேருந்து இன்னிக்கு எதையும் எடுத்துடாதடான்னா. அடுத்த வாரமும் பண்ணா. அப்புறம் அவ சொல்றதை நிறுத்திட்டா. நான் நிறுத்தல."

"மாத்திரைக்காரிக்குத் தெரியுமா?"

"அவ உக்கார்ற இடத்துலேருந்து பீரோக் கண்ணாடியில பகடை தெரியும்."

பீரோக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அது அங்கே இருப்பதை அவர் கவனித்ததில்லை.

"நீங்க எப்பவும் கதவைப் பார்த்துத்தானே உக்காருவீங்க" என்றான்.

"அப்ப புதுத் தாள்ல மட்டும் ஏன் குறைச்ச? அறுபத்தொம்பதுன்னு போட்டிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்."

"போடத்தான் உக்காந்தேன். ஒவ்வொண்ணா எண்ணி எழுதணும். வாயால சொல்றப்ப வந்த பொய், எழுதறப்ப வரல." நூலைச் சுருட்டிப் பையில் போட்டான். "நீங்க கோவிச்சுக்கிட்டு இன்னும் நாலு படி கேப்பீங்கன்னுதான் நெனச்சேன். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"இறங்கச் சொல்லியிருக்கணும்டா என்னை. ஆறு வருஷமா உள்ள உக்கார வெச்சே எடை போட்டிருக்க."

மச்சினன் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினான். சாப்பிடுங்க என்றான். அவர் சாப்பிடவில்லை. போகும்போது மேசையிலிருந்த பகடைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் சாவியை ஆணியில் மாட்டினார். மனைவி பார்த்தாள். "எண்ணியாச்சா?" என்றாள். "ஆச்சு" என்றார். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் உப்பும் கலக்கிப் பகடைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார். ஒரு பக்கம் கனத்த பகடை திரும்பத் திரும்ப ஒரே முகத்தைத்தான் மேலே காட்டும். விரலால் தட்டிவிட்டார். வேறு முகம் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி வேறு.

"அவன் பகடையுமா?" என்றாள்.

"சரியாத்தான் இருக்கு."

ஞாயிறு மூன்று மணிக்கு அவர் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அட்டைத் தடுப்பு மேசையில் இல்லை. மருந்துக்கடைக்காரி தன் நாற்காலியின் விளிம்பில் இருந்தாள். மனைவியும் வந்திருந்தாள், வழக்கமாக வரமாட்டாள்.

"முப்பத்தொண்ணோட வர்றேன்" என்றார்.

"மாமா, மதகுப் பக்கம் போக வேண்டாம். மேல் தெரு வழியா ஒரு சுத்து வழி இருக்கு. இப்பதான் எழுதினேன்."

"இப்ப எழுதின வழி வேண்டாம். என்ன விழணும்?"

"பதினேழு. இல்லேன்னா அதுக்கு மேல. இருபதுல."

"மதகுக்குக் கீழ என்ன இருக்கு?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். மச்சினன் நோட்டைப் பார்த்துச் சொன்னான்: "சுழல். ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி. ஒரு ஆள் நுழையற அளவு இடைவெளி."

"சரி. குதிக்கிறா."

பகடை மேசையில் ஓடி, டீ டம்ளரில் முட்டி நின்றது. பதினொன்று.

மருந்துக்கடைக்காரி, "டம்ளர்ல பட்டிருச்சு, அண்ணே. செல்லாது. திரும்பப் போடுங்க" என்றாள்.

மனைவி டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"டம்ளர் எதுக்கு நகருது? செல்லும்" என்றார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஓடக்காரியின் பெயருக்குக் கீழே 'மூழ்கினாள்' என்று எழுதித் தேதி போட்டு, தாளை மச்சினன் பக்கம் தள்ளினார். "சரிபார்த்துக்க."

மச்சினன் ஒருமுறை படித்துவிட்டு ஒன்பதாவது நோட்டுக்குள் வைத்தான்.

மறுநாள் நாற்பத்துமூன்று வண்டிகள் வந்தன. எல்லா ஓட்டுநர்களையும் இறங்கச் சொன்னார். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்யச் சொன்னார், ஒன்று நிறைந்திருந்தது. மதியம் மழை பெய்ததால் மேடையைத் துடைத்த பிறகே எடை போட்டார். இடைவேளையில், புதுப் பாத்திரத்துக்காக மச்சினன் கொடுத்த வெற்றுத் தாளை எடுத்தார். பெயருக்கான இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் படி என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதினார். ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.