ஒற்றைக் காதோடு டில்லிக்கு

காலை ஐந்து மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் சென்னை பஸ்ஸுக்கு நின்றபோது என் சட்டைப்பையில் ஒரு ஜோடி இயர் பிளக், மூக்கில் அடிக்கும் மருந்து, ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் இருந்தன. முந்தின நாள் மிட்டாய் வாங்கும்போது கடைக்காரர், "பேரனுக்கா சார்?" என்றார். "காதுக்கு" என்றேன்.

எனக்கு வேலை செய்வது இடது காது மட்டும்தான். வலது காது சின்ன வயதிலேயே சீழ் வடிந்து போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை அனல் மின் நிலையத்து டர்பைன் ஹாலில் வேலை பார்த்த அத்தனை வருஷமும் பிளக் வைத்துக் காப்பாற்றினேன். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே கட்டிய வீட்டுக்கு வந்த மறுவருஷம் மனைவி போய்விட்டாள். இப்போது அந்தக் காதுக்கு ஒரே வேலைதான். சாயங்காலம் ஏழு மணிக்கு டில்லியிலிருந்து மகள் உமா போன் செய்வாள். பல நாட்களில் வீட்டுக்குள் எனக்குக் கேட்கிற மனிதக் குரல் அது ஒன்றுதான். அந்தக் காதும் போனால் என் கதி என்ன என்ற பயத்திலேயே விமானப் பயணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அவளும் விடவில்லை. டிக்கெட்டையே போட்டு அனுப்பிவிட்டாள்.

காது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "சத்தம் வேற, அழுத்தம் வேற சார். சத்தத்துக்கு உங்க பிளக் போதும். அழுத்தத்துக்கு அது உதவாது. மூக்குக்குப் பின்னாலேர்ந்து காதுக்கு ஒரு குழாய் போகுது. நீங்க முழுங்கினா, கொட்டாவி விட்டாதான் அது திறக்கும். இறங்கும்போது பிளக்கை எடுத்துட்டு மிட்டாயைச் சப்பிக்கிட்டே இருங்க. லேசா சளி இருக்கு, இறங்கறதுக்கு முன்னாடி மருந்தை அடிச்சுக்குங்க. தூங்கிட மட்டும் தூங்கிடாதீங்க."

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் சுகன்யா, குறிஞ்சிப்பாடிப் பக்கம். கணவன் பட்டாளத்தில், டில்லியில் இருக்கிறான்; அவனிடம் போகிறாள். ஏற்றிவிட வந்த அவள் அண்ணன், நானும் அதே விமானம் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "கொஞ்சம் பாத்துக்குங்க ஐயா. அது திண்டிவனத்த தாண்டினதில்ல."

பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சுமார் இருநூறு கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தில் இறங்கி, நகரப் பேருந்தில் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. உள்ளே ஒரு டீ இருநூற்று முப்பது ரூபாய். அடப்பாவிகளா, அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் ஒரு ஷிப்ட் ஆட்களுக்கே டீ வாங்கிக் கொடுக்கலாம்.

ஒன்றரை மணிக்கு விமானம் கிளம்பியது. எங்கள் இருக்கை இறக்கைக்குப் பின்னால். சத்தம் அங்கேதான் அதிகம், முடிந்தால் முன்பக்கம் கேட்டு வாங்குங்கள். ஏறும்போது மிட்டாய் சப்பினேன், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுகன்யாவிடமும் டாக்டர் பாட்டையே பாடினேன். "இறங்கும்போது கொழந்தைக்குப் பால் குடும்மா. குடிச்சா முழுங்கும், காது வலிக்காது."

"சரிங்க ஐயா."

மேலே போய் நிதானித்ததும் பிளக்கை வைத்தேன். அங்கேதான் சிக்கல். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் பிளக் வைத்துத் தூங்கிய உடம்பு இது. பிளக் வைத்தால் கண் தானாகச் சொருகும். "எறங்கப்போறோம்னு அறிவிப்பு வரும், எனக்குக் கேக்காது. தட்டி எழுப்பிடும்மா" என்றேன். தலையாட்டினாள்.

கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தரை ஓடிக்கொண்டிருந்தது. இடது காதுக்குள் ஆணி அடித்த மாதிரி வலி. பிளக்கைப் பிடுங்கினேன், ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை அவள் மடியில் பால் குடித்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் பதறிப் பேசினாள். டர்பைன் ஹாலில் உதட்டையும் கையையும் பார்த்தே பழகியதால் அது புரிந்தது.

"நல்லா தூங்கிகினு இருந்தீங்க ஐயா, எழுப்ப மனசு வரல. எங்கப்பாவும் மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு, நைட்டு ஷிப்ட்டு. தூங்கற ஆள எழுப்பினா எங்க வூட்ல அடிதான் வுழும்."

டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கிலும் அதே சட்டம்தான். நைட் ஷிப்ட் பார்த்தவர் தூங்கும் வீட்டின் முன்னால் கீரைக்காரி கூவ மாட்டாள், பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். நெய்வேலிப் பக்கத்துக்காரி எவளும் என்னை எழுப்பியிருக்க மாட்டாள். "பரவாயில்லம்மா" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

வெளியே உமா நின்றிருந்தாள். "அப்பா" என்று உதடு அசைந்தது. ஓடிவந்து கட்டிக்கொண்டு என் தோளில் முகம் வைத்து என்னவோ சொன்னாள். முகம் தெரியாததால் அது என்னவென்று கடைசிவரை தெரியாமல் போயிற்று. நடு ரோட்டில் நின்று அழுதேன்.

டில்லி டாக்டர், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, ஓட்டை விழவில்லை, சில வாரத்தில் சரியாகலாம், அதுவரை விமானம் ஏறவே கூடாது என்று எழுதிக் காட்டினார். பத்து நாள் இருந்தேன். உமா காலையில் அலுவலகம் போனால் இருட்டும்போதுதான் வருவாள். நெய்வேலியில் இருந்தபோது தினம் அரைமணி நேரம் பேசிய மகள், இங்கே எதிரில் உட்கார்ந்து, அவள் பேசும் வேகத்துக்கு உதடு பிடிபடாததால், போனில் எழுதி எழுதிக் காட்டினாள். இதற்கா இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்தேன்?

மூன்றாம் நாள் அவள் போனை ஓரமாக வைத்துவிட்டு, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினாள். சாப்பிட்டீங்களா? டர்பைன் ஹாலில் உதடு போதாத பேச்செல்லாம் கையால்தான். மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால், மிஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கைகளை மெல்ல மேலே தூக்கினால், லோடு ஏறுகிறது, நின்ற மிஷின் மெல்லப் பழைய நிலைக்கு வருகிறது. தோளில் இரண்டு விரலால் தட்டினால், ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்ட் ஆள், வந்தாச்சு, நீ வீட்டுக்குப் போகலாம். சின்ன வயதில் உமா இதை என்னிடம் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூட பஸ் ஜன்னலிலிருந்து இப்படித்தான் பேசுவாள். கழுதை, ஒன்றையும் மறக்கவில்லை.

திரும்பும்போது ரயில். ஏசி பெட்டி, மூன்றாம் வகுப்பு. மாலை நான்கு மணிக்கு வண்டி கிளம்பும் நேரம், நடைமேடையில் வழியனுப்ப வந்தவர்கள் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் காதைக் காட்டிக் கையை விரித்தார்கள். அந்தப் பெட்டியில் அப்போது எல்லாருக்கும் என் நிலைமைதான். பேச முடிந்தது எங்கள் இருவரால் மட்டும்தான்.

உமா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். நான் மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டி, உள்ளங்கைகளை மெல்ல உயர்த்தினாள். வண்டி அசைந்தது. கூடவே நடந்தவள் தன்னைச் சுட்டிக்காட்டி, பிறகு தன் தோளில் இரண்டு விரலால் தட்டினாள். மறுபடி தட்டினாள். நான் பதிலுக்குக் கையைத் தூக்குவதற்குள் நடைமேடை முடிந்துவிட்டது.

மறுநாள் நாக்பூர் தாண்டி ஒரு கொட்டாவி வந்தது. காதுக்குள் 'பட்'டென்றது. முதலில் கேட்டது டீக்காரர் குரல். பத்து ரூபாய் டீயை, அந்தக் குரலுக்காகவே இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

அதற்கும் மறுநாள், சென்னையில் இறங்கி பஸ் பிடித்து, வீட்டைத் திறந்து உள்ளே போனபோது மாலை ஐந்து மணி. காது நன்றாகவே கேட்டது. பிரிட்ஜ் ஓடியது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. என்னை 'வாங்க' என்று சொல்லத்தான் ஆள் இல்லை. டில்லியில் காது கேட்காமல் இருந்த நாட்களில்கூட என்னிடம் பேச ஒருத்தி இருந்தாள்.

போன் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ரிலீவர் வந்து தோளைத் தட்டிய பிறகும் ஹாலை விட்டுக் கிளம்பாதவனை நாங்கள் கிறுக்கன் என்போம். மறுபடி டில்லிக்குப் போக வேண்டிய பையைப் பிரிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.