தங்கையா வாட்டிய லேப்டாப்

தங்கையா வேகமாக வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். வளைவில் நத்தை முந்த வந்தால் அதற்கும் ஒதுங்கி, போ என்று கையைக் காட்டுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை தன் பழைய காரில் கம்போங் ராஜா டவுனுக்குப் பறந்தார். பக்கத்து சீட்டில் லேப்டாப். அதற்கு பெல்ட் மாட்டியிருந்தார். தனக்கு மாட்ட மறந்துவிட்டார்.

மறுநாள் மகள் தனுஜாவுக்குக் கல்யாண விருந்து. மண்டபத்தில் பெரிய திரை கட்டி, பொண்ணும் மாப்பிள்ளையும் குழந்தையிலிருந்து வளர்ந்த படங்களைப் பாட்டோடு ஓட்டுவது இப்போது எல்லா வீட்டிலும் உண்டு. மாப்பிள்ளை ஷாமல் தன் படங்களைக் கொடுத்துவிட்டான். தனுஜாவின் படங்கள் எல்லாம் இந்த லேப்டாப்புக்குள். லேப்டாப்போ கண்ணைத் திறக்கவில்லை.

ஆல்பம் இல்லையா என்றால், இருந்தது. மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து, படங்கள் ஒன்றோடொன்று அப்பளம் மாதிரி ஒட்டத் தொடங்கியதும், தங்கையா எல்லாவற்றையும் டவுனில் கொடுத்து லேப்டாப்பில் ஏற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வருஷம் போகியன்று ஆல்பங்களைப் பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்தினார்.

"என்னாங்க அது, நீலமா எரியுது?" என்று அவர் மனைவி செல்லம் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"குப்பைதான்லா" என்றார்.

அப்புறம் லேப்டாப்புக்கும் ஈரம் ஆகாது என்று அதைப் போர்வையில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மூச்சு விடாதபடி கட்டி அலமாரியில் வைத்தார். உள்ளே மாட்டிய ஈரம் எங்கே போகும்? கல்யாணத்துக்காகப் பையைப் பிரித்தபோது லேப்டாப் வேர்த்துப்போய் இருந்தது. பட்டனை அமுக்கினார். ஒன்றுமில்லை.

ஈரமான பொருளை என்ன செய்வதென்று தேயிலைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பறித்த கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டும் நீளத் தொட்டி பேக்டரியில் இருக்கிறது. கொழுந்தோடு கொழுந்தாக லேப்டாப்பையும் படுக்க வைத்தார். சாயங்காலம் அது நன்றாக மணத்தது. திறக்கத்தான் இல்லை.

"வாட்டியாச்சு. அடுத்து உருட்டுற மெஷின்ல போடுவீங்களா, இல்ல நேரா டீத்தூளாக்கிருவீங்களா?" என்றாள் செல்லம்.

தனுஜா திட்டியிருந்தால் தங்கையா தாங்கியிருப்பார். அவள், "பரவால்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அந்தப் பரவாயில்லைதான் ராத்திரி முழுக்க அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

கம்போங் ராஜாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த யுவனேஸ்வரி லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றினாள். மேஜையில் தேயிலை கொட்டியது.

"அண்ணே, இத ரிப்பேர் பண்ணவா, இல்ல டீ கலக்கித் தரவா?"

தங்கையா சிரிக்கவில்லை. "எம் பொண்ணு உள்ள இருக்கும்மா."

அவளும் சிரிப்பை நிறுத்தினாள். பிஸ்கட் அளவுக்கு ஒரு டிஸ்கை வெளியே எடுத்து, துடைத்து, ஒரு பெட்டிக்குள் செருகித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. நின்றது. தங்கையா கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்புட்டா வேகமா வராதுண்ணே. உக்காருங்க." அவர் உட்கார்ந்ததும் கோடு நகர்ந்தது. "பாடி போச்சு. ஏத்துன சரக்கு பத்திரமா இருக்கு" என்றாள். அப்புறம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கல்யாணம் யாருக்கு, லோரிக்கா?"

கேட்டது நியாயம். எல்லாப் படத்திலும் லோரி. மாலை போட்ட லோரி, பொட்டு வைத்த லோரி, எலுமிச்சம்பழத்தை நசுக்கக் காத்திருக்கும் லோரி. அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் கேமரா வைத்திருந்தவர் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒருத்தர்தான். ஆயுத பூசைக்குத்தான் அதை வெளியே எடுப்பார். அதனால் தனுஜா வருஷம் ஒரு தடவை, லோரி ஓரமாக நின்றுதான் வளர்ந்தாள்.

மறுநாள் விருந்தில் படம் ஓடியது. புது டயர் வந்த வருஷத்துப் படத்துக்குக் கூட்டம் கைதட்டியது. "லோரிக்கு நல்ல வளர்ப்பு, சம்பந்தி" என்றார் ஷாமலின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். மேடையில் தனுஜா மட்டும் சிரிக்கவில்லை. தங்கையா நாற்காலிக்குள் சுருங்கினார்.

விளக்கு எரிந்ததும் அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள்.

"அப்பா, எல்லாப் படத்துலயும் எந்தலைக்கு மேல கைய வச்சிருக்கீங்க. மொதல்ல எந்தலை டயர் நட்டு உசரம். அப்புறம் மட்கார்டு. அப்புறம் கதவுக் கைப்புடி."

தங்கையா கழுத்தைச் சொறிந்தார். "வீட்டுச் சுவத்துல கோடு போட்டா வருஷா வருஷம் எஸ்டேட்டுல வெள்ளையடிச்சிர்றாங்க. லோரி ஓடுனாலும், கைப்புடி உசரம் மாறாதுல்ல."

தனுஜா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். எஸ்டேட் மேனேஜர் துரையிடம் கேட்டு, தங்கையா விருந்துப் பாத்திரம் ஏற்றிவந்த அதே லோரி வாசலில் நின்றது. அவள் பட்டுச் சேலையோடு கதவில் சாய்ந்து நின்று போட்டோக்காரரைக் கூப்பிட்டாள்.

தங்கையா அவள் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோனார். அப்புறம் கீழே குனிந்து பார்த்தார்.

"குதிகால் செருப்பக் கழட்டும்மா. அளவு தப்பாப் போயிரும்."